பள்ளிக்கூடம் நமக்குக் கொடுத்தது தெரியும், நாம் அதற்கு என்ன கொடுத்தோம்?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் அக்கா மகனுக்கு டிசி வாங்கப் போயிருந்தேன். நான் படித்த அதே அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, தேனிப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். 2008-ல் பன்னிரண்டாவது முடித்து வெளியே வந்தவன், அதன் பிறகு ஓட்டுப் போட மட்டும்தான் அந்த கேட்டைத் தாண்டியிருக்கிறேன். ஆபீஸ் ரூமில் உட்காரச் சொன்னவர் ஒரு மணி நேரம் ஆளையே காணோம். சரி என்று லேப் பக்கம் நடந்தால், எங்கள் கெமிஸ்ட்ரி சார். இந்த மே மாதத்தோடு ஓய்வாம். என் பெயர் அவருக்கு நினைவில்லை. "மூணாவது மேசை, பியூரெட்டை உடைச்சவன்தானே நீ" என்றார். உண்மைதான். சொட்டுச் சொட்டாகத் திரவம் விடுகிற அந்தக் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. செப்டம்பர் 5 வந்தால் எல்லோரும் "என் ஆசிரியர் எனக்கு அதைக் கொடுத்தார், இதைக் கொடுத்தார்" என்று வாட்ஸப்பில் போடுகிறோம். சரி, நாம் அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? அந்த மனிதர் வருடத்துக்கு நூறு நூற்றைம்பது பையன்கள் என்று பார்த்திருப்பார், அதில் எனக்கு மிஞ்சிய அடையாளம் ஒரு உடைந்த பியூரெட். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இந்த நாலு வருடத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன். ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களும் சொல்லுங்கள். புகழ்மாலை வேண்டாம்.

பத்தாம் நம்பர் பஸ்

கொடுத்தது 1,200-க்கு 871. வாங்கியது உள்ளங்கையில் பிரம்படி. கணக்கு நேராகிவிட்டது, இழையைப் பூட்டலாம்.

பிப்பெட்

பூட்ட வேண்டாம், நான் ஆசிரியர்தான். முதுகலை ஆசிரியர், வேதியியல், 21 வருட சர்வீஸ், முதலில் ஆண்கள் பள்ளி, இப்போது பெண்கள் பள்ளி. பியூரெட் என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

பிளஸ் டூ செய்முறையில் பர்மாங்கனேட் தரம்பார்த்தல் செய்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம், ஆவி வரும்வரை சூடு, அப்புறம் மேலே இருந்து பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் போகாது, அப்படியே இளஞ்சிவப்பாக நிற்கும். பாதிப் பிள்ளைகள் முடிவு நிலை வந்துவிட்டது என்று பயந்துபோய் ரீடிங் எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துக் குலுக்கினால் நிறம் மறையும், ரெண்டாவது சொட்டு இன்னும் சீக்கிரம் மறையும், அப்புறம் விட விடக் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். வருடா வருடம் "பொறுங்கடா, முதல் சொட்டுக்கு நேரமாகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் ஒரு பெண் கேட்டாள். "டீச்சர், அடுப்பிலிருந்து இறக்கியாச்சு, குடுவை ஆறிக்கிட்டே வருது. ஆறுனா வேகம் குறையணும்ல? ஏன் கூடுது?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கி, அதாவது அதன் வேகத்தைக் கூட்டுவது, என்பது பாடத்தில் இருக்கிறது. ரெண்டு மதிப்பெண் கேள்வியாக நானே நூறு தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் என் கைக்குக் கீழே இருக்கிற குடுவையில் நடப்பது அதுதான் என்று ஒன்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குத்தான் நான் பாடத்தைப் படித்தேன் என்று சொல்லலாம். அந்தப் பெண் மருத்துவரும் ஆகவில்லை, விஞ்ஞானியும் ஆகவில்லை, கல்யாணமாகித் திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. அவள் எனக்குக் கொடுத்ததை நான் வேறு எங்கேயும் வாங்கியிருக்க முடியாது.

வைகைக்கரையான்

டீச்சர், இதற்காகத்தான் இழையே தொடங்கினேன். நான் முதல் சொட்டிலேயே ரீடிங் எழுதிய கோஷ்டி. பக்கத்து மேசைக்காரன் ரீடிங்கைப் பார்த்து 0.1 மட்டும் கூட்டிப் போட்டேன்.

ஹாஸ்டல் 2009

அண்ணே, நீங்களாவது லேப்பைப் பார்த்தீர்கள். நான் நாமக்கல் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளி, பெயர் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பேருந்தில் போனால் எல்லா மதிலிலும் மாநில முதலிடம் என்று சிரிக்கிற ஃபோட்டோக்கள்தான் இருக்கும். பத்தாவது ரிசல்ட் வந்த மறு வாரமே அப்பா நிலத்து மேல் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார். பதினோராம் வகுப்புப் புத்தகங்களை ஜூனில் கையில் கொடுத்தார்கள், அட்டை போட்டோம், அதோடு சரி. இரண்டு வருடமும் பன்னிரண்டாவது பாடம்தான். காலை நாலரைக்கு மணி, இரவு பத்தே முக்காலுக்கு விளக்கு, நடுவில் டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். அதற்கு ரெண்டு வருடம் முன்புதான் நுழைவுத் தேர்வை நீக்கியிருந்தார்கள், அதனால் எல்லாமே பிளஸ் டூ மார்க்தான். கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்குக் கட்-ஆஃப். என்னுடையது 196.5. ஊரில் பிளெக்ஸ் வைத்தார்கள்.

பொறியியல் முதல் செமஸ்டர் கணக்கில் பெயில். ஏனென்றால் வகையிடலின் அடிப்படையும் முக்கோணவியலும் இருந்தது நான் அட்டை மட்டும் போட்ட புத்தகத்தில். பன்னிரண்டாவதில் சூத்திரத்தைக் கொடுத்து இதைப் போடு என்று சொன்னதைப் போட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அரியரை முடிக்க மூன்று தடவை எழுதினேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ரெண்டு வருடத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட இப்போது நினைவில்லை. அவர்களுக்கும் நான் ரோல் நம்பர்தான். திட்டம் போட்டுக் கெட்டது செய்தார்கள் என்று சொல்லவில்லை, பணம் வாங்கினார்கள், மார்க் கொடுத்தார்கள், ரசீது கிழித்த மாதிரி முடிந்தது. வைகைக்கரையான் உடைத்த பியூரெட்டை அவர் சார் பதினேழு பதினெட்டு வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறாரே, அதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கரும்பலகை ஓரம்

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 1,200-ஐ 600 ஆக்கினார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதையும் அதே 2017-ல்தான் நிறுத்தினார்கள். இப்போது 2025 மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு மறுபடியும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு என்பது கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டை மட்டும் போடுகிற பள்ளிகள் திரும்பி வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதச் சம்பளம்

தனியார் மெட்ரிக் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் என்றதும் எல்லோரும் அரசு ஆசிரியரை மட்டும் நினைக்கிறீர்கள், எங்களையும் கணக்கில் சேருங்கள். எம்.எஸ்.சி. பி.எட்., மாதம் 11,000, அதுவும் பத்து மாதத்துக்கு. ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் நோட்டீஸைக் கையில் கொடுத்து அட்மிஷன் கேன்வாஸுக்கு அனுப்புவார்கள். வெயிலில் வீடு வீடாகப் போய் "எங்க ஸ்கூல்ல சேருங்க" என்று கேட்க வேண்டும், ஆளுக்கு இத்தனை பிள்ளை என்று இலக்கு வேறு. ஒரு வீட்டில் கதவைத் திறந்தது என்னிடம் படித்து முடித்த பையன். "மிஸ், உள்ள வாங்க" என்று ஃபேன் போட்டு மோர் கொடுத்தான். அந்த வீட்டில் சேர்க்கச் சின்னப் பிள்ளை யாரும் இல்லை. இருந்தும் பெயர் எழுதுகிற நோட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்தத் தெருவில் எந்தெந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான், நாய் இருக்கிற வீட்டையும் குறித்திருந்தான்.

வைகைக்கரையான் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த நோட்டுதான். ஒரிஜினல் சர்டிபிகேட் இன்னும் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினால் இழை திசை மாறிவிடும்.

பத்தாம் நம்பர் பஸ்

மிஸ் கதைக்கு ஒரு வணக்கம், அதில் கிண்டல் இல்லை. ஆனால் அரசு ஆசிரியர்களைப் பற்றி யாராவது உடைத்துப் பேசித்தான் ஆக வேண்டும். சம்பளம் இவர்களைப் போல ஆறேழு மடங்கு. சொந்தப் பிள்ளை படிப்பதோ சிபிஎஸ்இ. எங்கள் இயற்பியல் சார் வகுப்பில் பாதியை எங்களை விட்டே வாசிக்கச் சொல்வார், சாயந்திரம் அவர் வீட்டு டியூஷனில் அதே பாடத்தைப் பிரமாதமாக நடத்துவார். டியூஷனுக்கு மாதம் 300 கொடுக்க முடியாத நாங்கள் 22 பேர். இந்த 22 பேருக்கு அவர் என்ன கொடுத்தார்? பிரம்படிதான். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது, நான் அதற்கு முன்பே படித்து முடித்துவிட்டேன், என் அதிர்ஷ்டம்.

பிப்பெட்

மறுக்க மாட்டேன். என் பையனும் மெட்ரிக்கில்தான் படித்தான். காலையில் நான் ஒரு பஸ், அவன் ஒரு வேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா இதையே என் முகத்துக்கு நேரே கேட்டார், எனக்குச் சொல்லப் பதில் இல்லை. டியூஷன் எடுத்ததில்லை, அதுவொன்றுதான் நான் சொல்லிக்கொள்ள முடியும்.

ஆனால் சம்பளத்துக்கு என்ன செய்கிறோம் என்று வெளியில் நினைப்பதும், உள்ளே நாள் போவதும் வேறு வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்து பாருங்கள். நாமினல் ரோல் என்று ஒன்று உண்டு. பொதுத்தேர்வு எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, ஃபோட்டோ, எல்லாம் ஏற்ற வேண்டும், அதில் இருப்பதுதான் மார்க் ஷீட்டில் வரும், மார்க் ஷீட்டில் இருப்பதுதான் பாஸ்போர்ட்வரை போகும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, டிசியில் ஒன்று. அப்பா பெயர் ரேஷன் கார்டில் கருப்பசாமி, பிள்ளை எழுதுவது கருப்புசாமி. போன வருடம் 46 பேர். ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பெயரை அவளையே எழுத்து எழுத்தாகச் சொல்லவைத்து, வீட்டுக்கு ஃபோன் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு சர்வர் கிடைக்கும்போது ஏற்றினேன். பாடம் நடத்தியதைவிட அதற்குத்தான் பயந்தேன். ஒரு எழுத்து தப்பினால் அந்தப் பிள்ளை முப்பது வயதில் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் நிற்கும். அப்போது என்னை யாரும் திட்டக்கூட மாட்டார்கள், யார் ஏற்றியது என்று அவளுக்கே தெரியாது.

கரும்பலகை ஓரம்

பிறந்த தேதி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தலைமுறையில் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதி போட்டார், அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. எங்கள் அம்மா கணக்குப்படி நான் ஐப்பசி மாதம், அடை மழை.

கிராஃப் ஷீட்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், இப்போதுதான் முதல் பதிவு. விழுப்புரம் பக்கம், அரசுப் பள்ளி, பத்தாவது 2016. இப்போது நர்ஸ்.

மாணவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள், மாணவர்கள் மாணவர்களுக்குக் கொடுத்ததை யாரும் சொல்லவில்லை. எங்கள் கணக்கு டீச்சர் நவம்பரில் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார், ஒரு லீடருக்கு ஐந்து பேர். என் குழுவில் ஐந்து பேருமே காலாண்டில் இருபதைத் தாண்டாதவர்கள். ஸ்பெஷல் கிளாஸ் சாயந்திரம் ஆறரை வரை, ஊர்ப் பஸ் அப்போது இல்லை, நானும் இன்னொருத்தியும் சைக்கிளில் டபுள்ஸ்.

அப்போதைய வினாத்தாளில் ஒன் வேர்டு 15, ஜியாமெட்ரி 10, கிராஃப் 10. கூட்டுங்கள், சரியாக 35. பாஸ். அந்த மூன்றை மட்டும் உருப்போட வைக்க வேண்டும், அதுதான் என் வேலை. அதில் ஒருத்திக்கு எக்ஸ் அச்சு எது, ஒய் அச்சு எது என்பதே மாறி மாறி வந்தது. எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் மறந்துவிடும். ஒரு நாள் கோபத்தில், "நீ படுத்துத் தூங்குறது எக்ஸ், எந்திரிச்சு நிக்கிறது ஒய்" என்றேன். அதற்குப் பிறகு அவள் தப்பவே இல்லை. கிராஃபை முடித்து அச்சுகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாகப் படுத்த ஆள், நின்ற ஆள் வரைந்து அப்புறம் அழிப்பாள். 41 எடுத்தாள். நான் கணக்கில் 94, ஆனால் எனக்குச் சந்தோஷம் 41-ல்தான் வந்தது.

இன்றைக்கு வார்டில் வயதானவர்களுக்கு எந்த மாத்திரை எப்போது என்று சொல்லும்போது அதையேதான் செய்கிறேன். நர்ஸிங் காலேஜில் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது லீவில் எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அந்த டீச்சர் வீட்டுக்கு வந்தார், சண்டை போடவில்லை, அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ரெண்டு மணி நேரம் பேசினார். கிளம்பும்போது அப்பாவிடம் மட்டும் "1098-ன்னு ஒரு நம்பர் இருக்கு, நான் அடிக்க மாட்டேன், ஆனா யாராவது அடிச்சிருவாங்க" என்று குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது என் தங்கை கல்லூரிக்குப் போகிறாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்காக வருகிற காசு. எங்கள் அப்பாவே பேங்க்குக்குக் கூட்டிப்போகிறார். அதே அப்பாதான்.

வைகைக்கரையான்

படுத்த ஆள், நின்ற ஆள். இதை என் மகளுக்கு இன்றைக்கே சொல்லித் தரப் போகிறேன்.

ஓய்வு பெற்றவன்

பட்டதாரி ஆசிரியர், கணிதம், ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. அந்த 15, 10, 10 கணக்கை நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. 35-ஐத் தொட்ட பிள்ளைக்கு ஐ.டி.ஐ. கதவு திறக்கும். தொடாத பிள்ளைக்கு எதுவும் திறக்காது.

வெட்கம் வேறு இடத்தில். ரிசல்ட் வந்ததும் மாவட்டத்தில் மீளாய்வுக் கூட்டம் போடுவார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமை ஆசிரியர்களை எழுப்பி நிற்கவைத்து, பாடவாரியாகக் காரணம் கேட்பார்கள். ஐம்பத்தேழு வயது மனிதர் பிள்ளை மாதிரி நிற்பார். திரும்பி வந்து எங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார், அந்த ஜூனில் ஒன்பதாவது பட்டியலைக் கையில் எடுப்பார். எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது, ஒன்பதில் முடியும். யார் யார் பத்தாவதில் தேறமாட்டார்கள் என்று ஒன்பதிலேயே தெரியும். அவர்களின் அப்பாவை வரச்சொல்லி, "டிசியை வாங்கிட்டு வேற எங்கயாவது சேருங்க" என்று பேச வேண்டும். நான் ஒரு வருடம் ஒரு அப்பாவிடம் அப்படிப் பேசினேன். ஒருத்தர்தான், ஒரு தடவைதான். அந்த வருடம் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு, வாழ்த்துச் சான்றிதழ் வந்தது, என் பெயரிலும் ஒன்று.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூனில் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் மகளை ஆறாவதில் சேர்க்க வந்தார். விண்ணப்பத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார், 9 என்று போட்டார், அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சார், நல்லா இருக்கீங்களா?" அவன்தான். கோபமே இல்லாத சிரிப்பு. நான் அந்த விண்ணப்பத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டேன், எங்கே போட்டேன் என்று எதுவும் ஞாபகமில்லை. அந்த 9 மட்டும் இருக்கிறது, வளைந்த வால் நீளமாக.

மகள் பெயரைக் கேட்டு, நான் இருந்த மீதி மாதங்கள் அவளுக்குத் தனியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

பத்தாம் நம்பர் பஸ்

ஐயா, கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆசிரியரை நான் பார்த்ததில்லை. என் 22 பேரில் நாலு பேர் அப்படிப் போனவர்கள்தான். அப்போது அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்.

ஹாஸ்டல் 2009

தனியாரில் இது இன்னும் சுலபம். எங்கள் பள்ளியில் பத்தாவதில் தேறமாட்டான் என்று தெரிந்தால் தனித்தேர்வராக எழுதவைத்துவிடுவார்கள், பள்ளிக் கணக்கில் வராது, மதிலில் நூறு சதவீதம் அப்படியே நிற்கும்.

வைகைக்கரையான்

இழை இவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று நினைக்கவில்லை. ஒரு நடைமுறைக் கேள்வி கேட்டு வைக்கிறேன். எங்கள் பேட்ச் ஆட்கள் ஒன்பது பேர் குரூப்பில் சேர்ந்திருக்கிறோம். சாருக்கு வழியனுப்பு விழா அன்று என்ன செய்யலாம்? ஒருத்தன் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கிப் பெயர்ப் பலகை வைக்கலாம் என்கிறான். இன்னொருத்தன் சாருக்கு மோதிரம்.

பிப்பெட்

தம்பி, ஆர்.ஓ. வேண்டாம். எங்கள் பள்ளியில் மூன்று இருக்கிறது, மூன்றிலும் பளிங்குக் கல்லில் பெயர் இருக்கிறது, ஒன்றிலும் தண்ணீர் வராது. வாங்கிக் கொடுப்பவர்கள் ஃபில்டர் மாற்ற வருவதில்லை. சாருக்குச் சால்வை, சுவர்க் கடிகாரம் ரெண்டும் வேண்டாம், ஏற்கெனவே வீடு நிறைய இருக்கும். முப்பது வருடம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் பத்துக் கடிகாரம் தேறும், ஒன்றுகூட ஓடாது.

லேபுக்கு ஏதாவது செய்யுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பியூரெட் ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டதுதான் இருக்கும், விலை குறைவு, உடைந்தாலும் மனசு வலிக்காது. ஆனால் பர்மாங்கனேட் ரப்பரை அரித்துவிடும், அதற்குக் கண்ணாடித் திருகு வைத்த பியூரெட் வேண்டும். அது ஐந்தாறு இருந்தால் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பின்னால் நிற்பவள் அவசரப்படுவாள், முன்னால் நிற்பவள் முதல் சொட்டிலேயே ரீடிங் எழுதிவிடுவாள். ஆளுக்கு ஒன்று இருந்தால் பொறுமையாகப் பார்ப்பார்கள். தலைமை ஆசிரியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் அந்தப் பள்ளிக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாம் நம்பர் பஸ்

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை, உங்கள் சாரையும் தெரியாது. ரெண்டு பியூரெட் என் கணக்கில். ஜிபே நம்பர் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.

வைகைக்கரையான்

அனுப்பிவிட்டேன். மதுரையில் ஒரு சயின்டிபிக் கடையில் விசாரித்தாகிவிட்டது, 50 மில்லி, கண்ணாடித் திருகு. குரூப்பில் இதுவரை 18 சேர்ந்திருக்கிறது. சாரிடம் ஃபோனில் மெதுவாகச் சொன்னேன். சந்தோஷப்பட்டாரா என்று தெரியவில்லை. "நீ மட்டும் தூக்கிட்டு வராத, வேற யார்ட்டயாவது குடுத்து விடு" என்றார்.